வண்டி திக்குவது ஏன்?
பழைய பிக்கப் வண்டியின் நோயறியும் முறை

விடியற்காலை நான்கு மணி. வலிகாமத்து வீடொன்றின் முற்றத்திலே வெங்காய மூடைகள் ஏற்றப்பட்ட பழைய பிக்கப் வண்டியொன்று நிற்கின்றது. பொழுது புலருமுன் சுன்னாகம் சந்தையை அடைந்தாற்றான் நல்ல விலை கிடைக்கும். குடும்பத் தலைவர் ஆசனத்தில் ஏறிச் சாவியைத் திருப்புகின்றார். எஞ்சின் இயங்குகின்றது, நின்ற நிலையில் நன்றாகவே ஓடுகின்றது. ஆனால், படலையைத் தாண்டித் தெருவில் ஏறி அக்சிலேற்றரை மிதித்தவுடன், பேச வந்த குழந்தைக்குச் சொல் தடைப்படுவதுபோல வண்டி திக்குகின்றது, குலுங்குகின்றது, இழுவையின்றி ஒரு கணம் தயங்கிப் பின்னரே நகருகின்றது.

எமது அயலவரான கமக்காரர் ஒருவருடைய வண்டி அது. மொறிஸ் மைனர் இனத்தைச் சேர்ந்தது; வயதோ அறுபதைத் தாண்டியது. தோட்டத்து விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும், பசளை ஏற்றிவரவும், இரவில் அயலில் ஒருவர் நோயுற்றால் வைத்தியசாலைக்குக் கொண்டோடவும் அவ்வீட்டுக்கு வேறு வாகனம் இல்லை. திக்கல் தொடங்கிய இரண்டு மாதத்துள் அவர் நான்கு பிளக்குகளை மாற்றினார். பெற்றோல் பம்பை மாற்றினார். ஈற்றிலே, மகளின் பல்கலைக்கழக விடுதிச் செலவுக்கென ஒதுக்கி வைத்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, திருத்திய காபரேற்றர் ஒன்றையும் வாங்கிப் பூட்டுவித்தார். வண்டி முன்போலவே திக்கிற்று.

உறுப்பை மாற்றுதல் வேறு. நோயை அறிதல் வேறு. முன்னதற்குப் பணம் வேண்டும். பின்னதற்குப் பொறுமையும் ஓர் ஒழுங்கும் போதும். அந்த ஒழுங்கு யாதென்பதை வாசகர்களுக்கு, சிறப்பாக எஞ்சினைப் பற்றிப் பாடநூலிற் படித்தும் அதனைக் கையாற் தொட்டறியாத மாணவர்களுக்கு, எடுத்துக்கூறுவதே எமது நோக்கம்.

பழைய வண்டியும் அதன் தேவையும்

மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இங்கிலாந்திலே அறிமுகமாயிற்று. அதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1953ஆம் ஆண்டில் அதன் பிக்கப் வடிவம் வெளிவந்தது. முதலில் 803 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையதாயிருந்த எஞ்சின், 1956இல் 948 ஆகவும், 1962இல் 1098 ஆகவும் பெருத்தது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது, எல்லா வடிவங்களிலுமாகப் பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டிருந்தன. அவற்றிற் சில இன்றும் எமது தெருக்களில் ஓடுகின்றன.

இந்நாட்டிலே 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் வழி திறந்தது. அந்த இடைக்காலத்திலே பழைய வண்டியைப் பேணத் தெரிந்தவனே தொழிலை நடத்தினான். புதிய வண்டியின் விலை எட்டாத குடும்பங்களுக்கு இன்றும் நிலைமை அதுவே.

எஞ்சின் கேட்பவை மூன்று

பெற்றோல் எஞ்சின் எவ்வளவு சிக்கலானதாகத் தோன்றினும் அது கேட்பவை மூன்றே. முதலாவது, போதிய அமுக்கம். இரண்டாவது, உரிய கணத்தில் வலிமையான மின்பொறி. மூன்றாவது, வளியும் பெற்றோலும் அளவாகச் சேர்ந்த கலவை. ஒரு கிராம் பெற்றோல் முழுமையாக எரிவதற்கு ஏறக்குறைய 14.7 கிராம் வளி வேண்டும். வளி மிகுந்தால் எஞ்சின் திக்கும். பெற்றோல் மிகுந்தால் கரும்புகை கக்கும்.

நிமிடத்துக்கு 3000 தடவை சுழலும் நான்கு உருளை எஞ்சினை எண்ணிப் பாருங்கள். ஒவ்வோர் உருளையிலும் விநாடிக்கு 25 தடவை தகனம் நிகழவேண்டும். நான்கிலுமாக 100 தடவை. இவற்றுள் ஒன்றிரண்டு தவறினாலும் ஆசனத்தில் இருப்பவர் அதை உணர்வார். எமது கராஜ்களில் இதனை ‘மிஸ்ஸிங்’ என்பார்கள். இம்மூன்றில் எது குறைந்தாலும் வெளியே தெரியும் குணம் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதுதான் இங்குள்ள சங்கடம். காய்ச்சல் ஒன்றாயினும் அதற்குக் காரணம் பலவாதல் போன்றது இது.

முதலில் வினா, பின்னர் கருவி

நல்ல வைத்தியர் நோயாளியின் உடலைத் தொடுமுன் அவரிடம் வினவுவார். வண்டியிடமும் அவ்வாறே வினவுதல் வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் திக்குகின்றதா, சூடேறிய பின்னரா? நின்ற நிலையிலா, மிதிக்கும்போதா, பாரத்தோடு மேட்டில் ஏறும்போதா? தாளம் தவறாமல் ஒரே ஒழுங்கில் துள்ளுகின்றதா, ஒழுங்கின்றித் துள்ளுகின்றதா? மழை பெய்த மறுநாள் மோசமாகின்றதா?

விடைகளே வழிகாட்டும். ஒரே தாளத்தில் விடாது துள்ளுமாயின், பெரும்பாலும் ஓர் உருளை மாத்திரம் வேலை செய்யவில்லை என்பது பொருள். ஒழுங்கின்றித் துள்ளுமாயின், எல்லா உருளைகளுக்கும் பொதுவான ஓரிடத்தில், அதாவது கொயிலிலோ காபரேற்றரிலோ எரிபொருட் குழாயிலோ, குறை இருக்கலாம். ஈரநாளில் மோசமாகுமாயின் மின் கடத்தும் கம்பிகளையும் டிஸ்றிபியூற்றர் மூடியையும் ஐயுறலாம். வேகமாகச் சிறிது தூரம் ஓடியபின் மூச்சடைத்ததுபோல் இழுவை குறைந்து, நின்று இளைப்பாறியபின் மீண்டும் ஓடுமாயின், பெற்றோல் போதியளவு வந்து சேரவில்லை என்று கொள்ளலாம்.

இனி, வேலை செய்யாத உருளையைக் கண்டறியும் எளிய வழியொன்றைக் கூறுவோம். எஞ்சினை நிறுத்துங்கள். ஒரு பிளக்கின் கம்பியைக் கழற்றி, அதன் உலோக முனை எஞ்சினின் உலோகத்தைத் தொடுமாறு உறுதியாக வைத்தபின் எஞ்சினை இயக்குங்கள். ஓட்டம் முன்னையிலும் மோசமானால், அவ்வுருளை இதுவரை உழைத்திருக்கின்றது. யாதொரு வேறுபாடும் தோன்றாவிடில், சோம்பி இருந்தது அதுவே. மீண்டும் நிறுத்திக் கம்பியைப் பூட்டிய பின்னரே அடுத்ததற்குச் செல்லவேண்டும். எஞ்சின் ஓடுகையில் இக்கம்பிகளைக் கையாற் தொடுதல் ஆகாது; அவற்றிற் பாய்வது பல்லாயிரம் வோல்ற் மின்னாகும்.

கழற்றிய பிளக்கும் பேசும். அதன் முனை இளம் மண்ணிறமாயின் நலம். உலர்ந்த கரி படிந்திருப்பின் பெற்றோல் மிகுதி, அல்லது மின்பொறி மெலிவு. எண்ணெய் படிந்து நனைந்திருப்பின் முசல வளையங்களோ வால்வுகளோ தேய்ந்து, எண்ணெய் உள்ளே கசிகின்றது. வெளுத்து வெந்திருப்பின் வளி மிகுதி, அல்லது பொறி பாயும் நேரம் பிழை.

அமுக்கத்தை மறவாதீர்

காபரேற்றரைத் திருகுவதற்கு முன்னர் அமுக்கத்தைச் சோதித்தல் வேண்டும். பிளக் துவாரத்தில் வைத்து அளக்கும் அமுக்கமானி கராஜ்களில் உண்டு. நான்கு உருளைகளின் அளவுகளும் தம்முள் பெரிதும் வேறுபடலாகாது. ஒன்று மாத்திரம் தாழ்ந்திருப்பின், அதனுள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கவேண்டும். அளவு உயருமாயின் முசல வளையம் தேய்ந்தது. உயராவிடில் வால்வு சரியாக மூடவில்லை. அடுத்தடுத்த இரண்டு உருளைகளும் ஒருங்கே தாழ்ந்திருப்பின், அவற்றுக்கு இடையே எஞ்சின் தலையின் காஸ்கற் பழுதாகியிருக்கக்கூடும்.

வால்வுக்கும் அதனை அழுத்தும் கோலுக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி இருத்தல் வேண்டும். மைனரின் எஞ்சினுக்கு அது குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம், ஏறக்குறைய 0.3 மில்லிமீற்றர். பழைய எஞ்சின்கள் ஈயம் கலந்த பெற்றோலுக்கென அமைந்தவை. அந்த ஈயம் வால்வு இருக்கைகளுக்கு ஒரு காப்பாக இருந்தது. இலங்கையில் 2002ஆம் ஆண்டு ஈயப் பெற்றோல் நிறுத்தப்பட்டது. மக்களின் உடல்நலத்துக்கு அது மிக நல்ல மாற்றமே. ஆயினும் கடினப்படுத்தப்படாத பழைய இருக்கைகள், பாரம் ஏற்றி ஓடும் வண்டிகளில், மெல்ல மெல்லத் தேய்ந்து தாழும். அப்பொழுது மேற்சொன்ன இடைவெளி சுருங்கி, வால்வு முற்றாக மூடாதுபோகும். எனவே பிக்கப் வண்டி வைத்திருப்போர் இவ்விடைவெளியை அடிக்கடி பார்த்துக்கொள்ளுதல் நன்று.

மின்பொறியின் வழி

பழைய வண்டிகளின் மின்பொறி முறையை 1910ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் உருவாக்கியவர் சார்ள்ஸ் கெற்றறிங். பற்றரியின் மின் கொயிலின் முதற் சுருளிற் பாயும். டிஸ்றிபியூற்றரினுள் உள்ள ‘பொயின்ற்’ எனும் தொடுமுனைகள் திறந்தவுடன் அம்மின்னோட்டம் அறும். அக்கணத்தில் இரண்டாம் சுருளிற் பல்லாயிரம் வோல்ற் எழுந்து பிளக்கிற் பொறியாகப் பாயும். மைனரில் அது 1, 3, 4, 2 என்ற உருளை வரிசையிற் செல்லும்.

இங்கே பார்க்கவேண்டியவை சிலவே. தொடுமுனைகளின் இடைவெளி, அவை முற்றாகத் திறந்த நிலையில், ஏறக்குறைய 0.015 அங்குலம் இருத்தல் வேண்டும். பிளக்கின் இடைவெளி 0.025 அங்குலம். தொடுமுனைகள் கருகிக் குழிவிழுந்திருப்பின் அருகிலுள்ள கொண்டென்சரையும் ஐயுறலாம். டிஸ்றிபியூற்றர் மூடியின் உட்புறத்தைத் துடைத்து, நல்ல வெளிச்சத்திற் பாருங்கள். தலைமயிர் போன்ற வெடிப்பொன்று கரிக்கோடாகத் தெரியலாம். மின் அவ்வழியே களவாக ஓடிவிடும். பின்னர், இருட்டிய பிறகு எஞ்சினை இயக்கி, முன் மூடியைத் திறந்து, சற்று விலகி நின்று நோக்குங்கள். பழுதான கம்பிகளில் நீலநிறப் பொறிகள் மின்மினிபோலத் தோன்றும். இச்சோதனைக்கு ஒரு சதமேனும் செலவில்லை.

காபரேற்றர் இறுதியில்

திக்கும் வண்டியைக் கண்டதும் எல்லாருடைய கையும் காபரேற்றரையே நாடும். அது கண்ணுக்குத் தெரிவது. திருகுவதற்கு ஆணிகள் உடையது. ஆனால் அமுக்கமும் மின்பொறியும் சரியென்று தெரியுமுன் அதனைத் திருகினால், ஒரு குறை இரண்டாகும்.

முதலில் பெற்றோலைப் பாருங்கள். 2022ஆம் ஆண்டின் எரிபொருட் தட்டுப்பாட்டின்போது பலர் போத்தல்களிலும் கலன்களிலும் பெற்றோலைச் சேமித்தனர். நெடுநாள் கிடந்த பெற்றோலின் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும். எஞ்சியது பிசினாகிச் சிறு துவாரங்களை அடைக்கும். பழைய தாங்கியில் துருவும் நீரும் சேரும். சிறிது பெற்றோலைத் தெளிந்த கண்ணாடிப் போத்தலில் எடுத்து அசையாது வைத்தால், நீர் அடியில் தங்கிக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, களவாக நுழையும் வளி. காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள காஸ்கற் கிழிந்தாலும், இறப்பர்க் குழாய் வெடித்தாலும், அளவுக்கு மிஞ்சிய வளி உட்புகுந்து கலவையை மெலிவிக்கும். அம்மூட்டுகளில் மெல்லியதாக நீரைத் தெளித்துப் பாருங்கள். மின் கம்பிகளில் நீர் படலாகாது. எஞ்சினின் ஓசை அப்பொழுது மாறுமாயின் ஓட்டை அவ்விடத்திலேயே உண்டு.

மைனரில் உள்ளது எஸ்.யூ. வகைக் காபரேற்றர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை ஆக்கிய ஜோர்ஜ் ஸ்கின்னர் சப்பாத்து வணிகக் குடும்பமொன்றில் வந்தவர். ‘ஸ்கின்னர்ஸ் யூனியன்’ என்பதன் சுருக்கமே எஸ்.யூ.; முதலில் அவர் செய்ததில் தோலாலான துருத்தி ஒன்று இருந்தது. பின்னர் அதன் இடத்தை உலோக முசலம் பிடித்தது. அம்முசலம் வளியின் ஓட்டத்துக்கேற்ப உயர்ந்து தாழ்ந்து, தன்னிற் பொருந்திய ஊசியாற் பெற்றோலை அளந்து விடும்.

நாம் திடீரென அக்சிலேற்றரை மிதிக்கும்போது முசலம் ஒரேயடியாக மேலெழ முயலும். அவ்வாறு எழுந்தால் வளி மிகுந்து பெற்றோல் பின்தங்கும். இதனைத் தடுக்கவே முசலத்தின் நடுவிலுள்ள சிறு குழியில் எண்ணெய் விடப்படுகின்றது. அவ்வெண்ணெய் முசலத்தைச் சற்றே தாமதிக்கச் செய்ய, அந்த இடைவேளையில் வளி மிகு வேகமாகப் பாய்ந்து, கூடுதலான பெற்றோலை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் வற்றினால் வண்டி திக்கும். மேலேயுள்ள சிறு மூடியைத் திருகி எடுத்து, எஸ்.ஏ.ஈ. 20 என்ற தரத்து மெல்லிய எஞ்சின் எண்ணெய் சிறிது விட்டாற் போதும். மூடியோடு இணைந்த தண்டை மீண்டும் இறக்கும்போது எண்ணெயின் தடை கையில் உணரப்படவேண்டும். இவ்வளவு சிறிய கவனக்குறைவுக்காகக் காபரேற்றரையே மாற்றுவாரும் உளர்.

1990களிலும் அதன் பின்னரும் வந்த பிக்கப் வண்டிகள் பலவற்றில் காபரேற்றருக்குப் பதிலாக மின்னணு முறையாற் பெற்றோல் விசிறப்படுகின்றது. உணரிகளைச் சோதிக்கத் தனிக் கருவி வேண்டும். எனினும் அவற்றின் பெற்றோல் எஞ்சினும் அமுக்கம், பொறி, கலவை என்ற அதே மூன்றையே கேட்கின்றது.

கமக்காரரின் வண்டிக்கு நிகழ்ந்தது

இனி எமது அயலவரின் கதைக்குத் திரும்புவோம். ஈற்றில் அவருடைய வண்டியைப் பார்க்க வந்தவர் முதிய மெக்கானிக் ஒருவர். 1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்திற் பெற்றோல் அரிதாகிய காலத்தில், சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய தலைமுறையைச் சேர்ந்தவர். எஞ்சினின் ஓசையைக் காதாற் படித்தறிந்தவர்.

அவர் பெட்டியைத் திறக்கவில்லை, வினவினார்.

“தம்பி, மிதியாமல் விட்டால் ஒழுங்காய் ஓடுதோ?”

“ஓடுது ஐயா. மிதிச்ச உடனைதான் திக்குது.”

“முழுக்க மிதிச்சால்?”

“அப்ப கொஞ்சம் பரவாயில்லை.”

முதியவர் தலையசைத்தார். காபரேற்றரிலிருந்து டிஸ்றிபியூற்றருக்குச் செல்லும் மெல்லிய குழாயைக் கழற்றி, காபரேற்றர்ப் பக்கத்துத் துவாரத்தை அடைத்துவிட்டு, “இப்ப ஓடிப்பாரும்” என்றார். வண்டி திக்கவேயில்லை.

காரணம் இதுதான். அக்சிலேற்றரைச் சிறிது மிதிக்கும்போது அக்குழாயில் ஏற்படும் உறிஞ்சல், டிஸ்றிபியூற்றரினுள் தொடுமுனைகளைத் தாங்கும் தட்டைச் சற்றே திருப்பி, பொறி பாயும் நேரத்தை முற்படுத்தும். முழுவதும் மிதித்தால் அவ்வுறிஞ்சல் குறையும். அத்தட்டோடு சேர்ந்து அசைவதற்கென ஒரு சாண் நீளங்கூட இல்லாத மென்கம்பி ஒன்று உண்டு. பல்லாண்டு அசைந்து அசைந்து, மேலுறை சிதையாமலே அதன் உள்ளிழைகள் அறுந்திருந்தன. தட்டு அசையாதபோது இழைகள் ஒன்றையொன்று தொட்டன, அசைந்தபோது விலகின, மின் அற்றது, வண்டி திக்கிற்று. கண்ணுக்கு நல்லதாகத் தோன்றிய கம்பியை முதியவர் இரு விரல்களாற் பிடித்து மெல்ல இழுத்தார். அது இறப்பர்போல நீண்டது. புதிய கம்பியைப் பொருத்த அரை மணி நேரமாகவில்லை. அதன் விலை ஒரு பிளக்கின் விலைகூட இல்லை.

கழற்றிய பழைய காபரேற்றர் இன்னும் அவ்வீட்டுத் திண்ணையில் இருக்கின்றது. அதில் யாதொரு குறையும் இருக்கவில்லை.

சில எச்சரிக்கைகள்

இவற்றைச் செய்ய முனைவோர் மறவாதிருக்க வேண்டியவை சில உண்டு. மூடிய கொட்டகையினுள் எஞ்சினை ஓடவிடுதல் உயிருக்கு ஆபத்து. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் இன்றிக் கொல்லும். பெற்றோலைக் கையாளும்போது அருகில் நெருப்போ சிகரெட்டோ ஆகாது. சுழலும் விசிறிக்கு அருகே சால்வையோ தளர்ந்த சட்டைக் கையோ தொங்கலாகாது. சிறுவர்கள் பெரியவரின் துணையின்றி எதையும் தொடலாகாது. எல்லாவற்றிலும் மேலாக, ஒரு வேளையில் ஒன்றை மாத்திரம் மாற்றுங்கள். மாற்றியதை ஒரு கொப்பியிற் குறித்துவையுங்கள். மூன்றை ஒருங்கே மாற்றினால், வண்டி ஓடினாலுங்கூட, எதனால் ஓடிற்று என்பது தெரியாது போகும்.

எமது கமக்காரர் இப்பொழுது அவ்வாறொரு கொப்பி வைத்திருக்கின்றார். அதை எழுதுபவள் விடுமுறைக்கு வரும் அவருடைய மகள். முதற் பக்கத்தில் அவள் எழுதியிருப்பது ஒரு வினாவே: “எப்பொழுது திக்குகின்றது?” அவ்வினாவை முதலிலேயே எவரேனும் கேட்டிருந்தால், அவளுடைய விடுதிப் பணம் குறைந்திராது.